அழுக்குத் துணி கேட்டவள்

நாய் என்றால் அவளுக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காணாமல் போன நாய்களைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தவள் என்றதும் ஆளாளுக்கு ஒரு படம் வரைந்துகொள்வீர்கள், நாயை மடியில் போட்டுத் தடவிக் கொடுக்கிற புண்ணியவதி என்று. அட, நீங்கள் வேறு! ஒரு நாயின் தலையை அவள் தொட்டு நான் பார்த்ததில்லை. அவள் வீட்டில் நாய் கிடையாது. தெரு நாய் குறுக்கே வந்தால் "சீ, கஸ்மாலம்" என்று காலால் ஒதுக்கிவிட்டுப் போவாள். ஆனால் ராயபுரத்தில் யார் வீட்டு நாயாவது ஒரு பொழுது கண்ணில் படவில்லை என்று அவள் காதில் விழுந்தால் போதும். அது கிடைக்கிறவரை அவளுக்குச் சோறு இறங்காது, எங்களுக்கு வெளுத்த துணி வந்து சேராது.

எங்கள் தெருவுக்குத் துணி வெளுத்தவள் அவள். திங்கட்கிழமை வண்ணாரப்பேட்டையிலிருந்து கழுதையோடு வந்து மூட்டை எடுத்துப் போவாள். சனிக்கிழமை திருப்பிக் கொண்டுவருவாள், ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயப் பூசைக்கு நாங்கள் வெள்ளையாகப் போக வேண்டுமே. ஒல்லி உடம்பு, நீளக் கால். வெளுக்கிற உவர்மண் அரித்து விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். என்னைவிட இருபது வயது மூத்தவள். இருந்தும் தெருவில் முளைத்து மூணு இலை விடாததெல்லாம் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அந்த வெட்கத்தில் இங்கே அவள் பேரை எழுதப் போவதில்லை. "அவர்" என்று எழுதிப் பார்த்தேன். வேறு யாரோ வந்து நிற்கிற மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன்.

நாயைக் காணோம் என்று யாராவது சொன்னால் முதலில் அவர்களுக்குத் திட்டு விழும்.

"காணோம்னு சொல்லாதே. எதுவும் காணாம பூடாது. நீ பாக்காத எடத்துல கீது, அவ்ளோதான்."

பிறகு மூன்று கேள்வி. கடைசியாக எங்கே பார்த்தது, என்ன குழம்பு ஊற்றிச் சோறு வைப்பது, வைக்கிற கை யாருடையது. மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்ததும் கையை நீட்டுவாள். "அவுங்க கட்டி அவுத்த துணி ஒண்ணு குடு. தோச்சது வாணாம். அழுக்குத் துணி." அந்த வீட்டு அழுக்கு மூட்டை அவள் கழுதைமேலேயே இருந்தாலும் அதிலிருந்து எடுக்க மாட்டாள். தொலைத்தவர்கள் வீட்டில் அவர்கள் கையாலேயே எடுத்துக் கொடுக்க வேண்டும். அது அவளுடைய சாஸ்திரம். அந்தத் துணியை நாய் கடைசியாகத் தென்பட்ட இடத்தில் விரித்து, பக்கத்தில் அந்த வீட்டுச் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, தூரத்தில் போய் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருப்பாள். நின்று காத்திருக்க அவளுக்கு வராது.

ரயில்வேயில் இருந்த ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர் ஒருவர் வீட்டில் பஞ்சு உருண்டை மாதிரி ஒரு குட்டி நாய் காணாமல் போனது. அந்த வீட்டு அம்மாளிடம் போய் இவள் அழுக்குத் துணி கேட்டிருக்கிறாள். அந்த அம்மாளுக்குக் கூச்சம். பெட்டியிலிருந்து மடிப்புக் கலையாத கவுன் ஒன்றை எடுத்து நீட்டினாளாம். இவள் மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "இதுல நான் போட்ட கஞ்சி வாசனைதான் கீது. உங்க நாய் என்னியா தேடுது?" கடைசியில் ஒரு ஜோடி காலுறை கிடைத்தது. டிராம் வந்து திரும்புகிற இடத்தில், ஊரே சிரிக்க, அந்தக் காலுறையைப் போட்டுக் காத்தாள். இரண்டாம் நாள் அந்தப் பஞ்சு உருண்டை வந்து அதன்மேல் படுத்துக்கொண்டது. அந்த அம்மாள் அழுதுகொண்டே ஒரு புதுக் கவுனை இனாமாகக் கொடுக்க வந்தபோது இவள் தெருமுனையைத் தாண்டிவிட்டிருந்தாள்.

கிடைத்த நாயை அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். "அதான் கெட்ச்சிருச்சே, அத்தோட எனக்கு இன்னா வேலை?"

வாத்தியார் ஒருவர் சுத்த சைவம். அவர் வீட்டு நாய் காலையில் போனால் வெயிலுக்குத்தான் திரும்பும், ஒரு தரம் மூன்று நாள் வரவே இல்லை. காசிமேட்டுக் கரையில் கட்டுமரம் ஒதுங்குகிற இடத்தில் அதைப் பிடித்துவந்து, தெருவெல்லாம் கேட்கும்படி சொன்னாள்: "சாமி, உங்க நாய் தெனம் மீன் துன்னுகினு கீது. ஒண்ணு அத்த அங்கியே வுட்டுடுங்க, இல்லன்னா நீங்க மீன் போடுங்க." வாத்தியாருக்கு முகம் செத்துவிட்டது. ஒரு மாதம் கழித்து என்னிடம் வந்து குசுகுசுவென்று சொல்லிச் சிரித்தாள், வாத்தியார் துண்டில் நெத்திலி வாடை அடிக்கிறதென்று. துண்டில் மறைத்து வாங்கிப் போகிறார், பாவம்.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் நல்ல தமாஷான பொம்பளை என்று நினைத்துவிடுவீர்கள். அவளைக் கண்டு எனக்குப் பயமும் உண்டு. நாய் பிடிக்கிற வண்டி வாரம் ஒரு நாள் வரும். கழுத்தில் லைசென்ஸ் பில்லை இல்லாததையெல்லாம் வலை போட்டு அள்ளிக்கொண்டு போய்க் கொன்றுவிடுவார்கள். ஒரு நாள் அவள் அந்த வண்டியை மறித்து நின்றதைப் பார்த்தேன். கம்பிக்குள் பத்துப் பதினைந்து நாய், ஒன்றின்மேல் ஒன்று. ஒவ்வொன்றின் முகத்தையும் பார்த்து, தான் தேடிவந்த ஒரு கறுப்பு நாயை மட்டும் காட்டி, சண்டை போட்டு இறக்கிக்கொண்டாள். மற்றதெல்லாம் கம்பியைப் பிறாண்டிக் கத்துகின்றன.

"மத்ததெல்லாம்?" என்றேன்.

"அதுங்கள யாரும் தேடலியே" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

செத்துப்போன நாயையும் அவள் விடுவதில்லை. தண்டவாளத்தில் அடிபட்டுக் கிடந்த நாயின் சொந்தக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவர் பார்க்கமாட்டேன் என்று அழுதார், பெரிய மனுஷர். "வந்து பாரு. பாக்காத வரிக்கும் தேடிகினே இருப்பே. நானும் தேடிகினே இருக்கணும்" என்றாள். பார்க்க வைத்துவிட்டுத்தான் விட்டாள். ஏன் இப்படி அலைகிறாள் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை இருந்தது. புருஷனைத் தொலைத்தவள், பிள்ளையைத் தொலைத்தவள் என்று. அத்தனையும் கட்டுக்கதை. புருஷன் வெளுக்கிற துறையில் அவளைத் திட்டிக்கொண்டே துணி அடித்துக்கொண்டிருந்தான், பிள்ளைகள் இரண்டும் குத்துக்கல்லாட்டம் இருந்தார்கள். நான் நேராகவே கேட்டேன். "சும்மா இருந்தா கால் அரிக்குதும்மா" என்றாள். அவ்வளவுதான் காரணம். பிற்பாடு நாங்கள் வியாசர்பாடிப் பக்கம் வீடு மாறிப்போனோம், அவளை நான் பார்க்கவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

உப்புக் காய்ச்சி ஜெயிலுக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்துகொண்டிருந்த சமயம் அது. என் வீட்டுக்காரர் ரயில் எஞ்சினில் கரி தள்ளுகிறவர். இரண்டு நாள் வீட்டில் இருந்தால் மூன்று நாள் இருக்கமாட்டார். மாமனார் ரங்கூன் கப்பலில் சாரங்காக, மாலுமிகளுக்கு மேஸ்திரியாக இருந்தவர். சங்கிலி விழுந்து இரண்டு காலும் விளங்காமல் போய்க் கட்டிலோடு கிடந்தார். மாமியார் நான் வாழ வருவதற்கு முந்தியே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, மாமனாருக்குக் கழுவி எடுத்து, பத்து மாதக் குழந்தையைப் பார்த்து, சமைத்து, தண்ணீர் இறைத்து எல்லாம் நான்தான். இதற்குமேல் ஒரு நாய். செம்பட்டை நிறம், ஒற்றைக் காது மடங்கியிருக்கும். அதற்கு ரங்கூன் என்று பேர் வைத்திருந்தார் மாமனார்.

அந்த நாயோடு அவர் பகலெல்லாம் பேசுவார். புயல், ஐராவதி ஆறு, பர்மாக்காரன் சுருட்டு, எல்லாம் அதற்குச் சொல்லுவார். என்னிடம் மூன்றே வார்த்தை. தண்ணி, சோறு, வெத்தலப்பொட்டி. அந்த நாய்க்கு மூன்று வருஷமாகச் சோறு வைத்தது நான். எனக்கு அந்த நாய்மேல் பிரியம் இருந்தது, பொறாமையும் இருந்தது. இப்போது சொல்ல என்ன வெட்கம்.

ஒரு நாள் குழந்தை தவழ்ந்துபோய் நாய் தின்கிற தட்டில் கைவிட்டது. அது சட்டென்று வாயை வைத்துவிட்டது. மணிக்கட்டில் பல் பட்டுச் சிவப்பாக ஒரு கோடு. எனக்கு உயிரே போய்விட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் பின்தெருவில் ஒரு பிள்ளை நாய்க்கடியில் செத்தது. அது தண்ணீரைக் கண்டு அலறிய சத்தம் எங்கள் சுவர்வரை வந்து விழுந்தது. குழந்தையின் கையைத் தூக்கிக்கொண்டு போய் மாமனாரிடம் காட்டினேன். அவர் பார்க்கக்கூட இல்லை. "நக்கியிருக்கும்" என்று சிரித்தார். வீட்டுக்காரரோ, அப்பா இருக்கிற வரைக்கும் அது இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மாமனார் தூங்கினார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சோற்றுத்தட்டோடு கிளம்பினேன். ரங்கூன் பின்னாலேயே வந்தது. கொருக்குப்பேட்டைக் கால்வாயில் உப்புப் படகு ஒன்று மூட்டை இறக்கிவிட்டு அத்திப்பட்டுக்குக் காலியாகத் திரும்பப் போகிறது. படகுக்காரனிடம் சொன்னேன், எண்ணூரைத் தாண்டி எங்காவது இறக்கி விட்டுவிடு என்று. அவன் சரி என்றான். நாய் ஏற மாட்டேன் என்றது. நான் ஏறினேன், அதுவும் ஏறியது. தட்டை வைத்தேன், தின்றது. நான் இறங்கினேன். அவன் கழியை ஊன்றித் தள்ளினான். அது குரைக்கவில்லை. நான் இன்னொரு படகில் பின்னால் வருவேன் என்று நினைத்ததோ என்னவோ, நின்று பார்த்துக்கொண்டே போனது.

மாமனார் விழித்ததும், "ரங்கூன் எங்க?" என்றார்.

"காணோம் மாமா" என்றேன்.

அன்றிலிருந்து அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். பிடிவாதம் என்று சொல்ல முடியாது, வாயில் வைத்தால் வெளியே வந்தது. நாலு வாய் கஞ்சித் தண்ணீர், அவ்வளவுதான். கன்னம் ஒட்டிப்போயிற்று. செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றச் சொன்னார். காணாமல் போனதைக் காட்டிக் கொடுக்கிறவர் அவர்தானே. நான் கோயிலில் முழந்தாளில் நின்று, "ஐயா, புண்ணியமாப் போவட்டும், காட்டிக் கொடுத்துடாதீங்க" என்று வேண்டிக்கொண்டேன். அந்த வாரம் பாவசங்கீர்த்தனம் செய்யச் சாமியாரிடம் போகவில்லை.

இதற்கு முந்திய நாள், திங்கட்கிழமை, துணியெடுக்க அவள் வந்தாள். மாமனார் கட்டிலிலிருந்து தேம்பித் தேம்பிச் சொன்னார். அவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

"நைனா, அழாதே. நான் இட்டாறேன்" என்றாள். என் பக்கம் திரும்பினாள். "கடைசியா எங்க பாத்தே?"

"வாசலில்."

"இன்னா கொழம்பு?"

"மீன் குழம்புதான்."

"யாரு சோறு வெக்கிறது?"

என் புடவையைக் கொடுத்தால் அந்த நாய் எந்த மூலையிலிருந்தாலும் வந்துவிடும் என்று தெரியும். "மாமாதான், கட்டிலிலிருந்தே போடுவார்" என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். மாமனாரின் அழுக்கு வேட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் நான் பட்டது யாருக்கும் வேண்டாம். தினமும் சாயங்காலம் வாசலில் வந்து நின்று கட்டிலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவாள். "நைனா, இன்னிக்கு காசிமேடு முச்சூடும் பாத்துட்டேன்." மறுநாள் தண்டையார்பேட்டை. மறுநாள் கொருக்குப்பேட்டைக் கால்வாய் ஓரம். அன்று எனக்குக் கையிலிருந்த சொம்பு நழுவிவிட்டது. அப்புறம் திருவொற்றியூர். அப்புறம் எண்ணூர். வடக்கே, வடக்கே, நான் விட்ட திசையிலேயே நாளுக்கு ஒரு ஊராக ஏறிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தேன். குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதுகூட ஒரு இடத்தில் உட்காரவில்லை. அவளுக்கு இருந்த கால் அரிப்பு எனக்கும் வந்துவிட்டது போலிருந்தது.

நடுவில் சனிக்கிழமை வந்தது, துணி வரவில்லை. கோயில் திருநாள் நெருங்குகிறது, வெள்ளை வேட்டி இல்லாமல் எப்படிப் போவது என்று தெருவே கொதித்தது. இரண்டு வீட்டார் வேறு ஆளுக்கு மூட்டையைக் கொடுத்துவிட்டார்கள். அவள் புருஷன் வந்து எங்கள் வாசலில் கத்திவிட்டுப் போனான், உங்க வீட்டு நாயால் எங்க பொழப்பு பேஜாராப் பூட்ச்சு என்று. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு என்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது, ஆனாலும் வாய் திறக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலையில் வந்தாள். கழுதை இல்லை, மூட்டை இல்லை. கொல்லைப்பக்கமாக வந்து, கிணற்றடியில் நின்ற என்னிடம் வேட்டியை விரித்துக் காட்டினாள்.

"நாளிக்கி அத்திப்பட்டு போறேன். உப்பளத்தாண்ட. இந்த வேட்டிய எட்டு நாளா தூக்கினு அலையிறேன்."

"நீ கேட்டதைத்தானே கொடுத்தேன்?" என்றேன், கொஞ்சம் முறைப்பாகவே.

"நான் சோறு வெக்கிறவங்க துணி கேட்டேன். வாரா வாரம் இந்த வேட்டிய ஒதறிப் போடறவ நானு. ஒரு நாய் மயிரு இதுல கெடையாது. உன் சீல மடியிலதான் பிடி பிடியா எடுப்பேன்."

"தெரிந்திருந்தால் அன்றைக்கே ஏன் கேட்கவில்லை?"

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லியிருப்பே. அது பின்னாடி வேற நான் அலையணும்."

அவ்வளவுதான், எனக்கு அடக்கமாட்டாமல் வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன். குழந்தையைக் கடித்துவிட்டது, பின்தெருப் பிள்ளை செத்த சாவு எனக்குத்தான் தெரியும், யாரும் என் பேச்சைக் கேட்கவில்லை, என்று.

"கொழந்த சட்டையும் நாந்தாம்மா தோச்சேன். ஒரு பொட்டு ரத்தம் இல்ல" என்றாள். "கடிச்சா கடிச்சுது, கடிக்காட்டி பூட்டுப் போவுது. ஏன் வுட்டேன்னு நான் கேக்கல. எங்க வுட்டே? அத்தச் சொல்லு."

சொன்னேன். "உன் சீல ஒண்ணு குடு" என்று கையை நீட்டினாள். நான் உள்ளே போனேன், புடவையை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். "நானே வருகிறேன்" என்றேன். "ஜல்தியா கெளம்பணும். மொத வண்டி" என்றாள்.

மறுநாள் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டு, மாமனாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, ராயபுரத்தில் காலை ரயில் ஏறினோம். வண்டி ஓடும்போதும் அவள் ஜன்னலுக்கு ஜன்னல் மாறிக்கொண்டே இருந்தாள். அத்திப்பட்டில் இறங்கினால் கண் கூசுகிறது, எங்கே பார்த்தாலும் உப்புக் குவியல். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், மடங்கின காது, செம்பட்டை நாய் என்று கேட்டாள்.

"அதுவா? அது ஒரு பைத்தியம்மா. வர்ற படகுல எல்லாம் ஏறுது, மோந்து பாக்குது, எறங்கிடுது. பத்து நாளா இதே வேலதான். எவ்ளோ தொரத்தினாலும் போவல" என்றாள் அவள்.

அது தொலைந்துபோனதாக எல்லோரும் தேடிக்கொண்டிருக்கிறோம். அது என்னைத் தேடிக்கொண்டிருக்கிறது.

படகுத்துறையில் இருந்தது. எலும்பும் தோலுமாக, உப்புத் தண்ணீரில் பாதமெல்லாம் வெடித்து. "ரங்கூன்" என்றேன். குரல் வெளியே வரவில்லை, ஆனாலும் அதற்குக் கேட்டுவிட்டது. ஓடிவரும் என்று நினைத்தேன். ஓடிவரவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, என்னமோ தப்பு செய்தது அதுதான் என்பது போல நொண்டி நொண்டி வந்து என் காலடியில் படுத்துக்கொண்டது. நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் மாமனாரின் வேட்டியைப் பரபரவென்று நாலாகக் கிழித்து என் மடியில் போட்டாள். "காலுல கட்டு. அயுவறது அப்பறம் அயுவலாம்."

நாயை ரயிலில் ஏற்ற விடமாட்டார்கள். தெற்கே போகிற உப்புப் படகு ஒன்றைப் பிடித்தாள். நான் ஏறினேன். அது ஏறவில்லை. பத்து நாளாக வந்த படகிலெல்லாம் ஏறி இறங்கின நாய், நான் ஏறின படகில் கால் வைக்காமல் கரையில் நின்று என்னைப் பார்த்தது. கூப்பிட்டேன், கெஞ்சினேன். வரவில்லை.

"நாயக் கொஞ்சம் தூக்கிப் போடேன்" என்றேன் அவளிடம்.

"நானு தொடமாட்டேன். நீதான் எறங்கித் தூக்கணும்."

இறங்கினேன், தூக்கினேன். நடுங்கியது. திருவொற்றியூர் வருகிறவரை அதை மடியிலிருந்து இறக்கவில்லை. அவள் படகின் முனையில் நின்றுகொண்டு கரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரே ஒரு தடவை திரும்பிச் சொன்னாள்: "அது துன்ற நேரத்துல கட்டிப் போடு. ரெண்டு முழம் கயிறு போதும் இதுக்கு. படகு எதுக்கு?"

திருவொற்றியூர்க் கரையில் அவளை அடையாளம் தெரிந்த ஒருத்தி கையைத் தட்டிக் கூப்பிட்டாள். அவர்கள் வீட்டு நாயைக் காணோமாம், மூன்று நாளாக. இவள் முகத்தில் உடனே விளக்கேற்றினாற்போல் ஆகிவிட்டது. படகு ஒதுங்குவதற்குள் முட்டித் தண்ணீரில் குதித்துவிட்டாள்.

"மாமாகிட்ட நான் என்ன சொல்ல?" என்று கத்தினேன்.

"தேடறது என் வேலை. சொல்றது உன் வேலை" என்று சொல்லிக்கொண்டே கரையேறி, "காணோம்னு சொல்லாதே" என்று அந்தப் பெண்ணைத் திட்ட ஆரம்பித்தாள்.

வீட்டுக்குள் நுழையும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. ரங்கூன் கட்டுப்போட்ட காலோடு கட்டிலை நோக்கி நகர்ந்தது. மாமனார் கையை நீட்டி அதன் மடங்கின காதைப் பிடித்துக்கொண்டு, கப்பல்காரர்கள் பேசுகிற ஏதோ பாஷையில் பேசினார், அழுதார், சிரித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அவதான் கண்டுபுடிச்சாளா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. இத்தோடு எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

"நான்தான் மாமா அதைப் படகில் ஏற்றிவிட்டேன்" என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை, சோற்றுத்தட்டு எடுத்துப்போனது வரை சொன்னேன்.

அவர் காதைப் பிடித்த கையை எடுக்கவில்லை. "அன்னிக்கு கொழந்த கைய நீ காட்டினே, நான் பாக்காமலே சிரிச்சேன்" என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். தன் காலை ஒரு முறை பார்த்தார். அந்த இரண்டு காலையும் மூன்று வருஷமாகத் தூக்கி வைத்துக் கழுவித் துடைத்தவள் நான்.

"என்னிய எப்பனாச்சும் அப்படி ஏத்தி வுட்டுடலாம்னு நெனச்சிருக்கியா?"

அவர் கண்ணில் இருந்தது கோபம் இல்லை, பயம். கப்பல் ஓட்டின மனுஷன் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார். இல்லை மாமா, ஐயோ, என்ன பேச்சு இது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. பத்து நாள் பொய் சொல்லிச் சலித்துப்போயிருந்தது.

"ரெண்டு தடவை" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். மீசை துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"ரெண்டே தடவதானா? நானாயிருந்தா தெனம் நெனச்சிருப்பேன். போம்மா, சோறு போடு."

"ரங்கூனுக்கா?"

"எனக்கு."